மலை இல்லாத ஊரில் இரண்டு மலை

(காவிரிக் கடைமடை ஊர் ஒன்றின் நூலக வாசகர் வட்டத்தில், ஓய்வுபெற்ற பள்ளி ஓவிய ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நோட்டீஸில் ‘வீட்டிலேயே பூவும் நிலக்காட்சியும் வரைவது எப்படி’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். 31 வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்தவன் நான். கணக்கு சாருக்குப் பாடம் முடியாதபோதெல்லாம் கடனாகக் கேட்டு வாங்கிப்போன பீரியட் என்னுடையது. கடனை யாரும் திருப்பித் தந்ததில்லை. அதனால் இன்றைக்கு முழுசாக ஒரு மணி நேரம் கிடைத்ததில் கொஞ்சம் கூடுதலாகவே பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கேள்வி கேட்கிறேன். ‘இயற்கைக் காட்சி வரை’ என்று சொன்னால் நம் பிள்ளைகள் என்ன வரைவார்கள்? இரண்டு மலை. நடுவில் பாதிச் சூரியன். மலை இடுக்கிலிருந்து கிளம்பி, வர வர அகலமாகி, நோட்டின் ஓரத்தில் விழுந்துவிடுகிற ஒரு ஆறு. கரையில் குடிசை, குடிசைக்குப் பக்கத்தில் வளைந்த தென்னை. ஆகாயத்தில் படுத்த 3 மாதிரி நாலு பறவை. சிரிக்கிறீர்கள். நீங்களும் வரைந்தவர்கள்தானே!

நம் ஊரிலிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை கிடையாது. கிழக்கே போனால் கடல். மேற்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போய்த் திருச்சியில் இறங்கினால் மலைக்கோட்டை. அந்தப் பாறையை வரைவதற்காக இங்கிலாந்து ஓவியர்கள் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்று சித்தப்பனும் அண்ணன் மகனும் 1792-ல் வந்து போயிருக்கிறார்கள். இல்லாத ஊர்க்காரன் இருக்கிற இடத்தைத் தேடிக்கொண்டு வந்தான். நம் பிள்ளைகளோ வயலுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, பார்த்தே இராத மலையை வரைகிறார்கள். அதற்கு நான் பத்துக்கு ஒன்பது போட்டிருக்கிறேன். ஆயிரக்கணக்கான நோட்டுகளில். அந்தக் கணக்கைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நீர்வண்ணம். வாட்டர் கலர் என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதில் இருப்பது நிறப்பொடியும் பிசினும். பெரும்பாலும் சூடான் பக்கத்து வேலமரத்துப் பிசின். நம் கருவேலம்பிசினுக்கு நெருங்கிய உறவு. தண்ணீரில் கரையும், காய்ந்தால் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும், மறுபடி தண்ணீர் பட்டால் மறுபடி இளகும். ஆறு மாதத்துக்கு முன் தட்டில் காய்ந்துபோன வண்ணத்தை ஈரப் பிரஷ்ஷால் தொட்டு இன்றைக்கும் எடுத்துக்கொள்ளலாம். சிக்கனக்காரர்களுக்கு ஏற்ற சரக்கு.

இதன் மர்மம் என்னவென்றால், இந்த வண்ணம் கண்ணாடி மாதிரி. வெளிச்சம் வண்ணத்துக்குள் நுழைந்து, அடியிலிருக்கும் வெள்ளைக் காகிதத்தில் பட்டுத் திரும்பி, மறுபடி வண்ணத்தைத் தாண்டி நம் கண்ணுக்கு வருகிறது. ஆக, நீர்வண்ணப் படத்தில் வெளிச்சம் இருப்பது காகிதத்தில். நீங்கள் பிரஷ்ஷை வைக்கிற ஒவ்வொரு இடத்திலும் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்கிறீர்கள். வெள்ளை வேண்டுமா, அந்த இடத்தைத் தொடாமல் விட வேண்டும். பெட்டியில் ஒரு வெள்ளை டியூப் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, மேலே பூசினால் சுண்ணாம்பு அடித்த மாதிரி உட்காரும். வாட்டர் கலர் பெட்டியில் என்னால் மன்னிக்க முடியாத டியூப் அதுதான்.

ஒரு நந்தியாவட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்கு வேண்டாம், ஒற்றை. வெள்ளைக் காகிதத்தில் வெள்ளைப் பூவை எப்படி வரைவது? பள்ளிக்கூடத்தில் பென்சிலால் கோடு போட்டு, அப்படியே விட்டுவிடுவோம். அப்போது அது பூவின் கோடாக நிற்கும், பூவாகாது. கோட்டை மறந்துவிட்டு, பூவைச் சுற்றியிருக்கிற இலைகளை வரையுங்கள். கரும்பச்சை இலை நெருங்கி வந்து நிற்கும் இடத்தில் இதழின் விளிம்பு தானாகப் பிறக்கும். பூவைத் தொடவே இல்லை, பூ வந்துவிட்டது! வகுப்பில் இதைச் செய்துகாட்டும்போது பின் பெஞ்சுப் பையன்கள்கூட எழுந்து வந்து பார்ப்பார்கள்.

அப்புறம்தான் பூவுக்குள் போக வேண்டும். நந்தியாவட்டை வெள்ளையா? காலை எட்டு மணி வெயிலில் வைத்துப் பாருங்கள். வெயில் படுகிற இதழ் காகித வெள்ளை. நிழலில் இருக்கும் இதழ் லேசான நீலச் சாம்பல். நடுக்குழலுக்குப் பக்கத்தில் வெளிறிய மஞ்சள். இலைக்கு மேலே கவிந்திருக்கும் இதழின் அடிப்பக்கத்தில் இலையின் பச்சை ஏறியிருக்கும். கடைசி மூன்றும் மிக மிக நீர்த்த வண்ணங்கள். தண்ணீரில் வண்ணம் இருக்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு. இன்னொன்றையும் பாருங்கள்: ஐந்து இதழும் நட்சத்திரம் போல நேராக நிற்பதில்லை. ஒவ்வொன்றும் ஒரே பக்கமாகத் திருகிக் காற்றாடி போல நிற்கும். செம்பருத்தியிலும் இதே கதை. ஒவ்வொரு இதழுக்கும் ஒரு ஓரம் பக்கத்து இதழுக்கு மேலே, மறு ஓரம் அடுத்ததற்குக் கீழே. தினமும் சாமிக்குப் பறித்து வைக்கிற பூ. எந்தப் பக்கம் திருகியிருக்கிறது என்று கேட்டால் வீட்டுக்கு ஓடிப்போய்த்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

மேடையில் பூவைப் பற்றிப் பேசுகிறவர்கள் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 பூவைச் சொல்லாமல் இறங்குவதில்லை. நான் அதை விட்டுவிட்டு இரண்டு பேரைச் சொல்கிறேன். ரங்கையா, கோவிந்து. ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் 1819-ல் சென்னை மாகாணத்துக்கு வந்தார். வைத்தியத்தைவிடச் செடி கொடிகளில் அவருக்குப் பித்து அதிகம். சில காலம் இங்கே பக்கத்தில் நாகப்பட்டினத்திலும் இருந்தார். அவருக்குச் செடிகளை வரைந்து கொடுத்தவர் ரங்கையா. அவருக்குப் பின் கோவிந்து. வைட் 1853-ல் ஊர் திரும்புவதற்குள் வெளியிட்டு முடித்த ‘ஐகோன்ஸ்’ என்ற தொகுப்பில் மட்டும் 2,000-க்கு மேல் படத் தட்டுகள். இவர்களுடைய அசல் ஓவியங்கள் பலவும் எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

அந்தப் படங்களின் அச்சுப் பிரதிகளைப் பார்க்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கும். ஒரு கிளை, அதில் ஒரு இலை மட்டும் புரண்டு அடிப்பக்கத்தைக் காட்டும். படத்தின் அடியில் பூவைப் பிரித்து உள்ளுறுப்புகளைத் தனித்தனியே போட்டிருக்கும். பின்னணி கிடையாது, காகிதம்தான் பின்னணி. அழகு காட்ட வேண்டும் என்ற ஆசை ஒரு கோட்டிலும் இருக்காது. எத்தனை நரம்பு, எந்தப் பக்கம் மடிப்பு என்ற கணக்கிலேயே அழகு வந்து உட்கார்ந்துவிடும். வைட் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைத்தார். பிறகு வந்த தாவரவியலாளர்கள் அதை வேறொரு பேரினத்தோடு சேர்த்துவிட்டதால் பெயர் நிலைக்கவில்லை. ஒரு சித்திரக்காரனின் பெயர் செடிக்கு வந்தது என்ற செய்தியை நம் ஓவியப் பாடப் புத்தகம் எதிலும் நான் பார்த்ததில்லை.

போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு வரையலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நிலக்காட்சிக்குப் பரவாயில்லை. செம்பருத்திக்கு வேண்டாம். நல்ல வெயிலில் சிவப்புப் பூவைப் போன் எடுத்தால், இதழின் மடிப்பு, நரம்பு எல்லாம் ஒரே சிவப்பாக அப்பிக்கொள்ளும். நீங்கள் அதைப் பார்த்து வரைந்தால் சிவப்புத் துணியைக் கிழித்து ஒட்டிய மாதிரி இருக்கும். பூவைப் பறித்து ஒரு டம்ளரில் வைத்து எதிரே உட்காருங்கள். செம்பருத்தி மாலைக்குள் மூடிக்கொள்ளும் என்ற அவசரம் இருக்கிறதே, அதுவே நல்ல வாத்தியார்.

செம்பருத்தியின் நிழலுக்குக் கறுப்பைக் கலக்காதீர்கள். சிவப்பில் கறுப்பு சேர்ந்தால் காய்ந்த ரத்தம். கிரிம்சனில் ஒரு துளி அல்ட்ராமரின் நீலம் போதும்.

சாமான் பற்றி அதிகம் பேச மாட்டேன். கடைக்காரர் பேசுவார். காகிதத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. டிராயிங் நோட்டில் தண்ணீர் பட்டால் அப்பளம் மாதிரி நெளியும். குற்றம் உங்கள் கை மீது விழும். 300 ஜிஎஸ்எம் காகிதம் கேளுங்கள். 22-க்கு 30 அங்குல முழுத்தாள் ஒன்று வாங்கி எட்டாகக் கிழித்தால் எட்டு படத்துக்கு ஆயிற்று. வண்ணம் பத்து பன்னிரண்டு போதும், பிரஷ் மூன்று போதும். நைலான் பிரஷ்ஷே நன்றாக இருக்கிறது. கீரிமுடி பிரஷ் என்று யாராவது ரகசியமாக நீட்டினால் வாங்காதீர்கள். கீரி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. ஒரு கீரியிலிருந்து கிடைக்கிற முடி கொஞ்சம்தான், கொன்றுதான் எடுக்கிறார்கள்.

தட்டு என்று தனியாக எதுவும் வேண்டாம். விளிம்பு உடைந்த பீங்கான் தட்டு எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும்.

நம் ஊர்த் தட்பவெப்பம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்தப் புத்தகங்களெல்லாம் குளிர்நாட்டில் எழுதியவை. ‘ஈரம் அடங்கும்வரை காத்திருக்கவும்’ என்று போட்டிருப்பான். சித்திரை மதியத்தில் இங்கே காத்திருப்பதற்கு என்ன இருக்கிறது? ஆகாயத்துக்கு மேலிருந்து நீலத்தை இழுத்துக்கொண்டு வருகிறீர்கள், பாதி வருவதற்குள் மேல் பாதி காய்ந்து கோடு விழுந்துவிடும். ஐப்பசி அடைமழையில் தலைகீழ். காகிதமே ஈரம் குடித்து ஊறியிருக்கும். அரை மணி நேரம் ஆனாலும் காயாது. பொறுமையிழந்து பிரஷ்ஷை வைத்தால், புது ஈரம் பழைய வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் காலிஃப்ளவர் மாதிரி பூத்துவிடும். தரையில் காபி சிந்திக் காய்ந்தால் நடுவில் வெளிறி, விளிம்பில் கறுத்திருக்கிறதே, ஏறக்குறைய அதே சமாச்சாரம். இதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம் இரண்டு. கோடையில் விடிகாலை ஆறிலிருந்து எட்டுக்குள் வரைவது. எந்தக் காலத்திலும் சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு வரைவது. ஃபேன் காற்று காகிதத்தை ஓரிடத்தில் காயவைத்து ஓரிடத்தில் விட்டுவிடும். இந்த ஃபேன் விஷயத்தில் என் வீட்டம்மாவுக்கும் எனக்கும் நடந்த விவாதங்களை இங்கே சொல்வதற்கில்லை.

இப்போது பச்சை. நம் ஜில்லாவில் நிலக்காட்சி என்றால் பச்சைதான். பெட்டியில் ஒரு பச்சை டியூப் இருக்கும். அதைப் பிதுக்கி வயல் முழுவதும் பூசினால் பிளாஸ்டிக் பாய் விரித்த மாதிரி ஆகிவிடும். வயலில் ஒரு பச்சையா இருக்கிறது? நாற்றங்கால் பச்சை வேறு. அதில் மஞ்சள் அதிகம், கண்ணைக் கூசும். லெமன் மஞ்சளில் நீலத்தைக் காட்டிவிட்டு எடுத்தால் போதும். நட்டு ஒரு வாரம் ஆன வயலில் பச்சையைவிட ஆகாயம்தான் அதிகம், பயிருக்கிடையே தண்ணீரில் தெரியும். தூர் கட்டி நிற்கும் சம்பா கருநீலப் பச்சை. கதிர் முற்றும்போது அடியில் பச்சையும் மேலே பழுப்பு மஞ்சளுமாக இரண்டு மாடி. அல்ட்ராமரினும் லெமன் மஞ்சளும் கலந்து, கூச்சலிடுகிற பச்சையை அடக்க பர்ன்ட் சியன்னா ஒரு துளி. இந்த மூன்றை வைத்துக்கொண்டு குறுவையிலிருந்து தாளடி வரை வரைந்துவிடலாம்.

மலை இல்லாத ஊரில் தூரத்தை எப்படிக் காட்டுவது? மலை தூரத்தை எளிதாகக் காட்டிவிடும், அதனால்தான் பிள்ளைகளுக்கு மலை பிடிக்கிறதோ என்னவோ. இங்கே தூரத்தைக் காட்டுவது காற்று. மார்கழிக் காலையில் வயல் வரப்பில் நின்று பாருங்கள். பக்கத்துப் பனைமரத்தில் ஓலை ஓலையாகத் தெரியும். இரண்டு வயல் தள்ளி நிற்கும் பனை கரும்பச்சை உருண்டை. அதற்கப்பால் இருக்கும் தோப்பு முழுவதும் ஒரே நீலச் சாம்பல் பட்டை. நனைந்த காகிதத்தில் ஒரே இழுப்பில் போட வேண்டியது. அந்தப் பட்டைக்குள் ஒரு மரத்தைத் தனியாக வரைய ஆரம்பித்தீர்களோ, தூரம் போயிற்று. தாளில் மூன்றில் இரண்டு பங்கை ஆகாயத்துக்குக் கொடுங்கள். கடைமடையில் நமக்கு மலைக்குப் பதில் கிடைத்திருப்பது மேகம். நிலக்காட்சியைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் பின்னாளில் எழுத்தும் குறியுமாக வேறு உலகத்துக்குப் போய், 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர். அவர் தொடக்கத்தில் அறியப்பட்டது நீர்வண்ண நிலக்காட்சிகளால்தான் என்பதை நினைவில் வையுங்கள். தண்ணீரில் தொடங்கியவர்கள் எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

அக்ரிலிக்குக்கு வருகிறேன். வாட்டர் கலரில் தேறாதவர்கள்தான் அக்ரிலிக்குக்குப் போவார்கள் என்று எங்கள் தலைமுறை வாத்தியார்களிடம் ஒரு இளக்காரம் உண்டு. எனக்கும் இருந்தது. அறுபது வயதுக்கு மேல் கையில் எடுத்த பிறகு போயிற்று.

வீட்டுச் சுவருக்கு அடிக்கிறோமே எமல்ஷன், அதன் பங்காளிதான் இது. பால் போன்ற பிளாஸ்டிக் கலவையில் நிறப்பொடி. ஓவியர்களுக்கென்று தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் கடைக்கு வந்தது 1950-களின் நடுவில், அமெரிக்காவில். தண்ணீர் ஆவியானதும் நுண்துகள்கள் ஒன்றோடொன்று இறுகிப் படலமாகிவிடும். அப்புறம் காவிரியே வந்தாலும் கரையாது. மதியம் சாப்பிடக் கூப்பிட்டார்கள் என்று நல்ல பிரஷ் ஒன்றைத் தட்டோரம் வைத்துவிட்டுப் போனேன். ரசம் சாதம் முடித்து வந்து பார்த்தால் ஆணி. இப்போது அதைச் செடிக்கு மண் கிளறப் பயன்படுத்துகிறேன். அக்ரிலிக் வரையும்போது பிரஷ் ஒன்று கையில் இருக்க வேண்டும், இல்லை தண்ணீரில் இருக்க வேண்டும். மூன்றாவது இடம் கிடையாது. தட்டில் ஈரமான டிஷ்யூ காகிதத்தை விரித்து அதன்மேல் வண்ணம் வைத்தால் கொஞ்ச நேரம் தாங்கும். காய்ந்துவிட்டால் பீங்கான் தட்டிலிருந்து பாலாடை போல உரித்தெடுக்கலாம், அது ஒரு தனி சந்தோஷம். மிச்ச வண்ணத்தைச் சாக்கடையில் கொட்டாமல் காகிதத்தில் துடைத்துப் போடுங்கள். அது பிளாஸ்டிக்.

இரண்டையும் வைத்து வரைபவர்களைக் குழப்பும் ஒரு சங்கதி: நீர்வண்ணம் காய்ந்தால் வெளிறும், அக்ரிலிக் காய்ந்தால் கறுக்கும். ஈரமாக இருக்கும்போது அந்தப் பால் வெள்ளை வண்ணத்தோடு சேர்ந்து தெரியும். காய்ந்ததும் பால் கண்ணாடியாகிவிடுவதால் வண்ணத்தின் முழு அழுத்தம் வெளியே வரும். வேண்டிய பச்சை கிடைத்துவிட்டது என்று நிறுத்தினால் மறுநாள் காலை அது ஒரு படி கறுத்திருக்கும். ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் தீற்றிக் காயவைத்துப் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

நீர்வண்ணத்தில் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகிறோம். அக்ரிலிக்கில் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரலாம். தோப்பின் கருநிழலை முதலில் போட்டுவிட்டு, அதன்மேல் நடுப்பச்சை, அதன்மேல் வெயில் பட்ட ஓலை, கடைசியில் ஓலை நுனியில் பளிச்சென்று ஒரு கீற்று. தப்பாகிவிட்டால் காயவிட்டு மேலே பூசிக்கொள்ளலாம். என் வயதில் இந்த மன்னிப்பு பெரிய விஷயம். கான்வாஸ் வாங்க முடியாவிட்டால் கெட்டி அட்டையில் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சை அடித்துக்கொண்டு வரையலாம். என் பழக்கம் இப்போது இப்படி ஆகியிருக்கிறது: வயல், தோப்பு, மழை மேகம் எல்லாம் அக்ரிலிக். பூ மட்டும் வாட்டர் கலர். ஒரு நாள் உயிரோடு இருக்கிற பொருளை அடுக்கடுக்காகப் பூசி வரைய எனக்கு மனசு வரவில்லை. இதற்குச் சாஸ்திரம் கிடையாது. அக்ரிலிக்கில் பிரமாதமாகப் பூ வரைகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியில் சொல்கிறேன் என்ற கணக்கு.

இருபது வருஷத்துக்கு முன்னால் எட்டாம் வகுப்பில் ஒரு பெண். காலாண்டுத் தேர்வில் வழக்கம்போல இயற்கைக் காட்சி. எல்லா நோட்டிலும் இரண்டு மலை. இந்தப் பெண் நோட்டில் மலை இல்லை, சூரியன் இல்லை, ஆறு இல்லை. ஒரு பம்ப்செட் கொட்டகை, சிமெண்டுத் தொட்டி, குழாயிலிருந்து விழுகிற தண்ணீர், தொட்டியோரம் கல்வாழை நாலு செடி. வண்ணம் நன்றாகத்தான் போட்டிருந்தாள். விழுகிற தண்ணீர் மட்டும் வெறும் காகிதமாக இருந்தது. கூப்பிட்டு, ஏம்மா தண்ணிக்குக் கலர் அடிக்கல என்றேன். ‘வெள்ளை தீர்ந்துபோச்சு சார், அதான் விட்டுட்டேன்’ என்றாள். படம் முற்றுப்பெறவில்லை என்று சிவப்பு மையில் எழுதி, பத்துக்கு நாலு போட்டேன். நோட்டை வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்தாள்.

அரசு ஓவியத் தேர்வில் லோயரும் ஹையரும் பாஸ் செய்தவன் நான். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது விட்டுவைத்த காகிதம் என்று தேர்வுத்தாளில் எழுதி மார்க் வாங்கியவன். என் கண்ணெதிரே ஒரு பன்னிரண்டு வயதுக் குழந்தை அதைச் செய்து கொண்டுவந்து நீட்டியபோது எனக்குத் தெரியவில்லை. ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் பம்ப்செட் தொட்டியோரம் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அந்த நோட்டு ஞாபகத்துக்கு வந்தது. விழுகிற தண்ணீரின் வெள்ளையை விட்டுவைக்க ஆறு வருஷமாக முயன்றுகொண்டிருக்கிறேன். சுற்றியுள்ள ஈரச் சிமெண்டின் கறுப்பை நெருக்கிக் கொண்டுவர வேண்டும். கடைசி நேரத்தில் கை நடுங்கி உள்ளே ஒரு நீலக் கோடு இழுத்துவிடுகிறேன், தண்ணீர் என்று தெரிய வேண்டுமே என்ற பயத்தில். அவளுக்கு அந்தப் பயம் இல்லை. இப்போது எந்த ஊரில் இருக்கிறாளோ. வரைகிறாளா என்று கேட்க எனக்கு வாயில்லை.

பக்கத்து அறையில் மேசை போட்டு, காகிதமும் தட்டும் தண்ணீரும் வைத்திருக்கிறோம். நூலகர் அம்மா காலையிலேயே தன் வீட்டிலிருந்து நந்தியாவட்டை பறித்துக்கொண்டு வந்து டம்ளரில் போட்டிருக்கிறார். வெள்ளை டியூப்பை எல்லாப் பெட்டியிலிருந்தும் எடுத்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன், தேடாதீர்கள். பூ வாடுவதற்குள் உட்கார்ந்துவிடலாம், வாருங்கள். தம்பி, போகிறபோது அந்த அறையின் ஃபேனை மட்டும் நிறுத்திவிடு.